முதலாளியின் கண்ணீர்

பரம்பரைத் தொழிலை விற்றுவிட்டுக் கண் கலங்குகிற முதலாளிகளைப் பார்த்து நகைப்பது நாகரிகமாகிவிட்டது. "கோடி கோடியாக வாங்கிக்கொண்ட பிறகு அழுகை என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நகைக்க எனக்கு மனம் வரவில்லை. தகப்பன் வைத்துப்போன கல்லாப்பெட்டியின் முன் உட்கார்ந்தே தலை நரைத்தவனுக்கு அந்தக் கடை வெறும் சொத்து அல்ல. அவன் அழுகை பொய்யும் அல்ல. "இது என் குழந்தை" என்று அவன் சொல்லுகிறானே, அந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

குழந்தை என்றே வைத்துக்கொள்வோம். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவன் என்ன செய்கிறான்? மாப்பிள்ளை வீட்டின் குணத்தை நாலு பேரிடம் விசாரிக்கிறான். பெண் அங்கே சௌக்கியமாக இருப்பாளா என்று கவலைப்படுகிறான். அழுவதெல்லாம் அப்புறம்தான். விசாரிக்காமலே கொடுத்துவிட்டு, ஊர் பார்க்க அழுகிறவனைப் பாசமுள்ள தகப்பன் என்று நாம் சொல்லுவோமா?

ரமேஷ் சவுகானை எடுத்துக்கொள்ளுங்கள். 1977ல் கோகோ-கோலா இந்த நாட்டைவிட்டுப் போனபோது அந்த இடத்தைப் பிடித்தது அவர்கள் வீட்டுத் தம்ஸ் அப். 1993ல், திரும்பி வந்த அதே கோகோ-கோலாவிடம் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் எல்லாவற்றையும் விற்றார். புகுந்த வீட்டில் தம்ஸ் அப் செழித்தது. 2021ல் அதன் விற்பனை நூறு கோடி டாலரைத் தொட்டது. கோல்டு ஸ்பாட்டோ, ஃபான்டாவுக்கு வழிவிட்டுக் கடைகளிலிருந்தே மறைந்தது. ஒரே விற்பனையில் போன இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு வாழ்வு, ஒன்றுக்குச் சாவு!

அதே சவுகான் 2022ல், தமது 82வது வயதில், பிஸ்லெரியை விற்க முன்வந்தார். விற்பது வேதனைதான் என்று பத்திரிகைக்காரர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். டாட்டாவின் பண்பு தமக்குப் பிடித்திருக்கிறது, அவர்கள் நன்றாகவே பேணுவார்கள் என்றும் சொன்னார். 2023 மார்ச்சில் பேச்சு முறிந்தது. மகள் ஜெயந்தியே நடத்துவார் என்று அறிவித்தார். முறிந்தால் முறியட்டும். கொடுக்கும் வீடு எப்படிப்பட்டது என்று பார்த்தாரே, அதற்குத்தான் பாசம் என்று பெயர்.

ஆனால் தொழில் என்பது புட்டியும் அதன்மேல் ஒட்டிய பெயரும் மட்டும்தானா? கணக்கெழுதியவனும் மூட்டை சுமந்தவனும் அதில் சேர்த்தி இல்லையா? தொழில் கைமாறும்போது அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதற்குத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1957லேயே ஒரு விதி அமைந்தது. பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தொடராவிட்டால் ஒரு மாத நோட்டீஸ். முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். 30 வருஷம் உழைத்தவனுக்கு 450 நாள் சம்பளம். கம்பெனியின் பங்குகளை மட்டும் விற்றாலோ, அதுவும் இல்லை. காகிதத்தில் எஜமானன் மாறவே இல்லையாம்!

அந்தக் கணக்குப்பிள்ளைக்கும் பாசம் உண்டு. தன் வீட்டைவிட அதிக நேரம் அந்தக் கடையில்தான் அவன் இருந்திருக்கிறான். அவன் அழுதால் எந்தப் பத்திரிகை படம் போடுகிறது?

சட்டம் கேட்பதற்கு மேலே ஒரு வரி எழுதிக்கொள்ள விற்கிறவரை யாரும் தடுக்கவில்லை. 'இத்தனை வருஷத்துக்கு ஆட்களை நீக்கக் கூடாது, மீறினால் இன்ன தொகை தர வேண்டும்' என்று பத்திரத்தில் எழுதட்டும். விலை கொஞ்சம் குறையத்தான் செய்யும். "என் குழந்தை" என்று சொல்லுகிறவர் அந்தக் குறைவை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடட்டும். பிறகு அவர் அழுதால், பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுவேன்.