யாருக்க சாமான்?

2025 ஜூனில் குமரியின் மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றில், மணலைச் சல்லடையில் அரித்துக்கொண்டிருந்தார்கள். சல்லடை அந்த வேலைக்கு லாயக்கில்லை. ஈரமணல் கண்களை அடைத்துக்கொள்கிறது. கடைசியில் வாளித் தண்ணீரில் மணலை அள்ளிப் போட்டார்கள். மணல் அடியில் தங்க, சிப்பித் தூளுக்கும் பாசிக்கும் நடுவே ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் மிதந்து வந்தன. கரமடி வலை இழுக்கும் பெரியவர் ஒருவர் நாலைந்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது யாருக்க சாமான் மக்களே?”

இந்தக் கேள்வியை இதைவிடச் சரியாக யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் குருணை அது. ஆங்கிலத்தில் நர்டில் என்பார்கள். குடம், நாற்காலி, பால் கவர் எல்லாம் இதை உருக்கித்தான் பிறக்கின்றன. 25 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ பத்து லட்சம் மணி இருக்கும். அந்த மே 25ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் அறுநூற்றுச் சொச்சம் கன்டெய்னர்களோடு மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் தப்பித்தார்கள். எல்லோரும் பதறியது கால்சியம் கார்பைடு இருந்த 12 பெட்டிகளை நினைத்து. தண்ணீர் பட்டால் எரிவாயு கிளப்பும் சரக்கு, பதறியதில் தப்பில்லை. ஆனால் திருவனந்தபுரம் தொட்டு குமரி வரை கரையில் வந்து குடியேறியது, ஆபத்துச் சரக்குப் பட்டியலிலேயே இல்லாத குருணைதான்.

கேரளத்தில் மீன் வாங்கவே ஆட்கள் தயங்கினார்கள். சாளையை வெட்டி வயிற்றைப் பார்த்துவிட்டு வாங்கியவர்களும் உண்டு. மாநில அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது.

இதற்கு முன்னோட்டம் கொழும்பில் நடந்து முடிந்திருந்தது. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் ஒரு பெட்டியிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது. வழியில் கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹசிராவும் அந்தப் பெட்டியை இறக்கிக்கொள்ளவில்லை. கொழும்பருகே கப்பல் எரிந்து மூழ்கியது. 1,680 டன் குருணை கடலில் போனது. உலகில் பதிவான குருணைச் சிதறல்களில் இதுவே மிகப் பெரியது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் கட்டச் சொன்னது. கட்ட முடியாது என்றது கப்பல் நிறுவனம்.

கடல் பிளாஸ்டிக் என்றதும் நமக்குச் சொல்லப்படும் வைத்தியம் மஞ்சப்பை. நல்ல பழக்கம், நானும் தூக்கிக்கொண்டு போகிறேன். ஆனால் இந்தக் குருணை எந்தக் கடைக்கும் வரவில்லை, எவரும் வாங்கவில்லை, வீசவும் இல்லை. பொருளாகும் முன்பே குப்பையாகிவிட்டது. இதற்கும் சேர்த்துப் பொதுமக்களின் பொறுப்புணர்வைப் பற்றி மேடையில் பேசும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது ராக்கெட் வித்தை இல்லை. கிழியாத மூட்டை, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற தகவல், கூடுமானவரை மேல்தளத்தில் அடுக்காமல் தளத்துக்குக் கீழே வைப்பது: 2024 மார்ச்சில் சர்வதேச கடல்சார் அமைப்பு இதையெல்லாம் சொல்லிவிட்டது. பரிந்துரையாகச் சொன்னது, அங்கேதான் கோளாறு. கட்டாயம் இல்லாத யோசனையைக் கேட்டு எந்தக் கப்பல்காரர் வாடகையை ஏற்றிக்கொள்வார்? பிளாஸ்டிக்குக்கான உலக ஒப்பந்தமோ 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கைகூடாமல் கலைந்தது. எண்ணெய் வள நாடுகள் உற்பத்திக்கு வரம்பு என்ற பேச்சையே விரும்பவில்லை.

குருணைக்கும் ஆபத்துச் சரக்கு என்று முத்திரை குத்தினால் காப்பீடு ஏறும், கப்பல் வாடகை ஏறும், கடைசியில் பிளாஸ்டிக் குடத்தின் விலையும் கொஞ்சம் ஏறும். ஏறட்டுமே. இப்போது அந்தச் செலவைக் கரமடிக்காரர்தான் கட்டிக்கொண்டிருக்கிறார், ரசீதுகூட இல்லாமல்.