மேற்கு வெயிலில் கண்ணாடிச் சுவர்



ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் கல்லூரி வளாகங்களில் எழும் புதிய அலுவலகக் கட்டடங்கள் சிலவற்றுக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி. மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மேற்கு பார்த்த கண்ணாடி பிற்பகல் வெயிலை உள்ளே இழுத்துவிடுகிறது. ஊழியர்கள் திரையை மூடிக்கொண்டு, பட்டப்பகலில் விளக்கும் ஏசியும் போட்டு வேலை பார்க்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வழி தெரியாமலா இருக்கிறோம்? கட்டடக் கலைஞர் சிஷோல்ம் வடிவமைத்து 1879இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தின் உயர்ந்த கூரையையும் வளைவுத் தாழ்வாரங்களையும் பாருங்கள். வெயில் சுவரைத் தொடும் முன்பே நிழல் தடுத்துவிடும். இந்தக் காலத்துக்கு, தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது. அங்கே குளிர்ந்த நீரைச் சேமித்து வைத்துக் கட்டடத்தைக் குளிர்விக்கிறார்கள்.

கட்டடக் கலையும் சிவில் பொறியியலும் கற்றுத்தரும் கல்லூரிகள் நம் பகுதியிலேயே உண்டு. அடுத்த அலுவலகத்தின் வரைபடத்தை முதலில் அந்த மாணவர்களிடம் கொடுங்கள். வெயில் விழும் திசை, காற்றோட்டம், மழைநீர்த் தொட்டி எல்லாவற்றையும் அவர்கள் கணக்கிடட்டும். கட்டி முடித்தபின் மாதாந்திர மின் பயன்பாட்டு அளவை வாசலில் எழுதி வையுங்கள்.

– ஒரு வாசகர், ஆவடி