19 எம்பி தாத்தா, 1.2 ஜிபி தாத்தா

எங்க தாத்தா தெருக்கூத்து ஆடுவார். பென்னாகரம் பக்கத்துல எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து நடந்தா துரியோதனன் வேஷம் அவருக்குத்தான். ஒரு ராத்திரி சித்தப்பா தன்னோட பட்டன் போன்ல 20 நிமிஷம் அதை வீடியோ எடுத்து வச்சார். '3ஜிபி' ஃபைல். (சைஸ் மூணு ஜிபி இல்லை, அந்தக் கால போன் ஃபார்மட்டோட பேரே அதுதான்.) சைஸ் வெறும் 19 எம்பி. தாத்தா ஆடுறதுக்கு எங்ககிட்ட இருந்த ஒரே பதிவு அது.

2020 லாக்டவுன்ல பாட்டி அதை டிவில பார்க்கணும்னு கேட்டாங்க. பென் டிரைவ்ல போட்டா டிவி எடுக்கலை. நான் அப்போ பத்தாவது. ஏதோ ஒரு இலவச கன்வர்ட்டரை இறக்கி, 'எம்பி4, ஃபுல் எச்டி'ன்னு செலக்ட் பண்ணி ஓட்டினேன். வந்த ஃபைல் 1.2 ஜிபி. எனக்கு ஒரே சந்தோஷம், தாத்தாவை எச்டி ஆக்கிட்டேன்னு. ரெண்டு காப்பி எதுக்குன்னு அந்த 19 எம்பியை டெலீட் பண்ணிட்டேன்.

நீங்களும் இதைச் செஞ்சிருப்பீங்க. அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல கணக்கு. வீடியோவோட சைஸைத் தீர்மானிக்கிறது பிட்ரேட்டும் நேரமும்தான். ஒரு செகண்டுக்கு எத்தனை பிட்ங்கிறதை எத்தனை செகண்டோ அதால பெருக்கி 8ஆல வகுங்க. 128 கிலோபிட் வச்சு 1200 செகண்டுக்குப் போட்டா 19.2 எம்பி. அது சித்தப்பா எடுத்தது. என் கன்வர்ட்டர் டீஃபால்ட்டா எடுத்துக்கிட்டது 8 மெகாபிட். அதே 1200 செகண்ட், 1.2 ஜிபி. காட்சியில என்ன இருக்குன்னு இந்தக் கணக்குல எங்கேயும் கேள்வியே இல்லை. துரியோதனன் ஆடினாலும் சரி, வெறும் சுவரை எடுத்திருந்தாலும் சரி, செகண்டுக்கு 8 மெகாபிட்னு ஃபிக்ஸ் பண்ணிட்டா சைஸ் கிட்டத்தட்ட அதேதான்.

"புது கோடெக்னா சைஸ் குறையணுமே?"ன்னு கேட்பீங்க. சரியான கேள்வி. பழைய 3ஜிபி வீடியோவுல பெரும்பாலும் இருந்தது எச்.263, டெலிபோன் லைன்ல வீடியோ கால் பேசுறதுக்காக 90கள்ல பண்ணினது. எச்.264 வந்தது 2003ல, அதைவிட ரொம்ப கெட்டி. அதே படத்தை அதே அளவுல வச்சிருந்தா சைஸ் குறைஞ்சிருக்கும். ஆனா நான் அளவையே மாத்திட்டேன். பழைய ஃபிரேம் 176க்கு 144, அதாவது 25,344 பிக்சல். ஃபுல் எச்டி 20,73,600 பிக்சல். கிட்டத்தட்ட 82 மடங்கு. நடுவுல இருக்கிற அத்தனை பிக்சலையும் சாஃப்ட்வேர் பக்கத்து பிக்சலைப் பார்த்து ஊகிச்சு நிரப்பினது. பாலக்கோடு தக்காளி ஒரு கூடையைத் தொக்கா சுண்ட வச்ச பிறகு, அதுல அஞ்சு குடம் தண்ணி ஊத்தி "பாரு, திரும்பக் கூடை நிறைஞ்சிடுச்சு"ன்னு சொல்ற கதை.

இன்னொரு விஷயம் நம்ம சிலபஸ்ல கூட யாரும் அழுத்திச் சொல்றதில்லை. கன்வர்ட் பண்ணும்போது பழைய ஃபைல் முதல்ல முழுசா விரியும். ஒரு ஃபுல் எச்டி ஃபிரேம் நிறத் தகவலைக் குறைச்சு வச்சாலே சுமார் 3.1 எம்பி, 25 ஃபிரேம் சேர்ந்தா ஒரு செகண்டுக்கு 78 எம்பி. புது என்கோடர் பார்க்கிறது இதை மட்டும்தான். இது 19 எம்பியில இருந்து வந்ததுன்னு அதுக்குத் தெரியாது. பழைய கம்ப்ரஷன் விட்டுட்டுப் போன கட்டம் கட்டமான கறை, இருட்டுல எடுத்த இரைச்சல், எல்லாத்தையும் தாத்தாவோட முகம் மாதிரியே மதிச்சு பிட் செலவு பண்ணும்.

சத்தம் இன்னும் மோசம். அந்த போன்கள் பயன்படுத்தினது ஏஎம்ஆர், அதிகபட்சம் 12.2 கிலோபிட், மனுஷன் பேசுறதுக்காகப் பண்ணினது. முகவீணையோட உச்சக் குரல் ரெக்கார்ட் ஆகும்போதே போயிடுச்சு. என் கன்வர்ட்டர் அதை 192 கிலோபிட் ஏஏசி ஆக்கிச்சு. போட்டுப் பாருங்க, 28.8 எம்பி. சத்தம் மட்டுமே மொத்த ஒரிஜினலைவிடப் பெருசு! முகவீணை மட்டும் திரும்பி வரலை.

எல்லா சைஸ் ஏற்றமும் வீண்னு சொல்ல வரலை. இப்போ நிறைய போன் எச்இவிசில எடுக்குது, 2013ல வந்த ஸ்டாண்டர்ட். அதே தரத்துக்கு எச்.264க்குத் தேவைப்படுற பிட்ல சுமார் பாதி போதும். சிம்போசியம் வீடியோவைப் பழைய லேப் சிஸ்டத்துல எடிட் பண்ண எச்.264க்கு மாத்தினா சைஸ் டபுள் ஆகலாம். அது நியாயமான விலை. அதே மாதிரி எம்கேவியை எம்பி4 ஆக்க மட்டும்னா பெரும்பாலும் என்கோடே வேண்டாம். சோறு வேற, டிபன் பாக்ஸ் வேற. எஃப்எஃப்எம்பெக்ல 'மைனஸ் சி காப்பி' போட்டா சோறு அப்படியே டப்பா மாறும், சில செகண்ட்ல முடியும், சைஸும் ஏறக்குறைய அதேதான். உள்ளே என்ன கோடெக்னு விஎல்சியோட டூல்ஸ் மெனுவுலயே பார்க்கலாம்.

என் கோபம் வேற இடத்துல. "ஸ்டோரேஜ் இப்போ சீப்தானே, பெருசானா என்ன?"ன்னு ரூம்மேட் கேட்டான். 64 ஜிபி போன் வச்சிருக்கிறவங்ககிட்ட அதைச் சொல்லிப் பாருங்க. ஸ்டோரேஜ் ஃபுல்னு வந்ததும் நம்ம கை எதைத் தேடும்? பேரே புரியாத, மங்கலான, குட்டி ஃபைலை. பெருசா இருக்கிறது ஒரிஜினல் மாதிரியும் சின்னது அதோட வேஸ்ட் காப்பி மாதிரியும் தெரியுது. ஊதிப்போன சைஸால எனக்கு நடந்த உண்மையான நஷ்டம் அதுதான், இடம் போனது இல்லை. அந்தக் கன்வர்ட்டர் படத்தை அகலத் திரைக்கு இழுத்துட்டதால தாத்தாவோட கிரீடம் குண்டாயிடுச்சு. ஃபைலோட தேதியும் 2020 ஆயிடுச்சு. கூத்து நடந்தது 2010ஆ 2011ஆன்னு வீட்டுல இப்பவும் சண்டை. தாத்தா இருந்தா கேட்டிருக்கலாம்.

நம்ம காலேஜ் டிரைவ்லயும் இதேதான் நடக்குது. கல்ச்சுரல்ஸ் ஆஃப்டர்மூவி 4கேல பத்திரமா இருக்கு, போன்ல எடுத்த மூல ஃபைலை எடிட் முடிஞ்சதும் அழிச்சிடுறாங்க. மீடியா டீம் ஜூனியர்ஸ் கோவிச்சுக்காதீங்க, அழிக்கணும்னா எக்ஸ்போர்ட்டை அழிங்க, அதைத் திரும்ப எடுத்துக்கலாம்.

போன பொங்கல் லீவுல சித்தப்பாவோட பழைய மெமரி கார்டு ஒண்ணு பரண்ல கிடைச்சது. கார்டு ரீடர்ல போட்டா சிஸ்டம் பார்க்குது, ஆனா திறக்கலை. ஃபார்மட் பண்ணவான்னு கேட்குது, நான் 'நோ' கொடுத்து எடுத்து வச்சிருக்கேன். இந்த மாதிரி கார்டுல இருந்து டேட்டா எடுத்த அனுபவம் யாருக்காவது இருந்தா ஃபைனல் இயர் ஹாஸ்டலுக்கு வாங்க. பென்னாகரம் பக்கத்துக்காரங்க வீட்டுல அந்த வருஷத்துக் கூத்து வீடியோ இருந்தாலும் கொடுங்க. வாட்ஸ்அப்ல சாதாரண வீடியோவா அனுப்பிடாதீங்க, அது மறுபடி கம்ப்ரஸ் பண்ணும். எவ்வளவு குட்டியா, எவ்வளவு மங்கலா இருந்தாலும் சரி, அப்படியே பென் டிரைவ்ல போட்டுக் கொடுங்க.