பழைய பிக்கப்புக்குக் கிளட்ச் ராடு: பட்டறையில் செய்யலாமா?

கேள்வி: "தாத்தா காலத்து மகிந்திரா எஃப்.சி. பிக்கப் இன்னும் ஓடுகிறது. தேங்காய், வைக்கோல் ஏற்ற அதுதான். கியர் போட்டால் கரகரவென்று சத்தம். கிளட்ச் ராடு தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். ஒரிஜினல் பாகம் கிடைக்கவில்லை. லேத் பட்டறையில் செய்து போடலாமா?"
– வாசகர், கோட்டையூர்

பதில்: செய்து போடலாம். ஆனால் தேய்ந்தது ராடுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ராடு தேய்வதில்லை. அதைக் கோக்கும் பின்னும், பின் நுழையும் துளையும்தான் தேய்கின்றன.

மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. எஃப்.சி. பிக்கப் அந்த ஜீப்பின் வழியில் வந்ததுதான். இதில் டிரைவர் முன்னால் உட்கார, கிளட்ச் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது. பெடல் மிதிப்பது அதுவரை போய்ச் சேர ராடும் நெம்புகோலுமாகப் பல மூட்டுகள். ஒவ்வொன்றிலும் சிறு ஆட்டம் இருந்தாலே போதும், பெடலை முழுதாக மிதித்தாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாது.

இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் கீழே பார்க்கட்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்தும் அடுத்த பக்கம் அசையவில்லையோ, அங்கேதான் தேய்மானம். அந்தத் துளையை வட்டமாகக் குடைந்து, கன்மெட்டல் புஷ் அடித்து, அளவான புதுப் பின் போட்டால் பாதிச் செலவில் வேலை முடியும். அவசரத்துக்குப் போல்ட்டைச் செருகுவது நம் ஊர்ப் பழக்கம். அதன் மரை அரம்போலத் துளையை அரித்துவிடும்.

ராடே வளைந்தோ விரிந்தோ இருந்தால் பழையதைத் தூக்கிப் போடாமல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். துளைக்குத் துளை தூரமும் நெம்புகோல் நீளமும் மாறக் கூடாது. கட்டடக் கம்பியை வெட்டி வெல்டிங் வைப்பது ஆபத்து. சந்தைக் கூட்டத்தில் கியரில் போகும்போது அது முறிந்தால் கிளட்ச் பிரியாது. பிரேக்கை மிதித்து இன்ஜினை அணைப்பதுதான் வழி. சேஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் இடத்தில் உருண்டை மூட்டு இருந்தால் அப்படியே இருக்கட்டும். இன்ஜின் ரப்பர் மேல் ஆடுவது. அங்கே இறுகப் பற்றவைத்தால் விரிசல் விடும். பின்னுக்குக் கட்டுக்கம்பி வேண்டாம், ஸ்பிளிட் பின் போடவும்.

கடைசியில் பெடலில் சுமார் 1 அங்குலம் சும்மா இறங்கும்படி ராடு மரையைத் திருகி, லாக் நட்டை இறுக்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் தேய்ந்து, கிளட்ச் பிளேட் கருகும்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் நிற்காவிட்டால் கோளாறு உள்ளே இருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் கூலியோடு ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடலாம். பழைய பிளேட்டின் தூசியை மட்டும் காற்றடித்து ஊத வேண்டாம், அதில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடைக்கவும்.