படத்தில் இருப்பவர்கள் கமிட்டியில் எப்போது உட்காருவார்கள்?

என் பெரியப்பா அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பணிக்கொடை கைக்கு வந்ததும், "ஆப்பிரிக்கா ஊழியத்துக்கு ரெண்டு லட்சம் நேர்ந்திருக்கேன்" என்றார். மலாவியில் பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு மிஷனுக்கு எங்கள் சபை வழியாக மாதாமாதம் பணம் அனுப்பிவருபவர் அவர். அங்கிருந்து வந்த படம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. சிலேட்டைப் பிடித்தபடி ஒரு சிறுமி.

அதே மாதிரி ஒரு படம் பெரியப்பாவுக்கும் உண்டு. மிஷன் விடுதியில் படித்தபோது வெளிநாட்டுக் கொடையாளருக்கு அனுப்ப எடுத்தது. கிறிஸ்துமஸ்தோறும் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். வார்டன் கரும்பலகையில் எழுதிப்போடுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். "சாம்பார்ல பருப்பே கெடையாதுன்னு எழுத முடியுமா?" என்று சிரிப்பார். அந்த விடுதி இல்லையென்றால் அவர் பண்ணையில் மாடு மேய்த்திருப்பார். இரண்டும் உண்மை.

ஆகவே, நம்மைக் 'கோதுமைக் கிறிஸ்தவர்கள்' என்று ஏசுகிறவர்களோடு சேர்ந்து இதை நான் பேசவில்லை. வாங்கிய கை கொடுக்கும்போது வரும் தலைநிமிர்வு எனக்குப் புரியும். என் கேள்வி வேறு. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இதை ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களே கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு மிஷனரிகளும் பணமும் வருவது சில காலம் நிற்கட்டும் என்று கென்யாவின் பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜான் காட்டூ 1971இல் அமெரிக்காவிலேயே நின்று சொன்னார். 1974இல் லுசாகாவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மாநாடும் அதை ஆதரித்தது. தங்கள் சபையைத் தாங்களே நடத்த வேண்டும் என்ற சுயமரியாதை அது.

பெரியப்பா பணம் அனுப்பும் மலாவிக்கே இதில் ஒரு வரலாறு உண்டு. ஜான் சிலெம்ப்வே என்ற போதகர் அமெரிக்காவில் படித்துவிட்டு 1900இல் ஊர் திரும்பி, பிராவிடன்ஸ் இண்டஸ்ட்ரியல் மிஷனை நிறுவிப் பள்ளிகள் தொடங்கினார். அவருக்குப் பணம் அனுப்பியவர்கள் அமெரிக்கக் கறுப்பின பாப்டிஸ்டுகள். அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வாரிசுகள். பெரியப்பாவைப் போன்றவர்கள். நடத்தியவரோ அந்த மண்ணின் மனிதர்.

அருகிலிருந்த மகோமெரோ தோட்டம், புகழ்பெற்ற மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனுடைய மருமகனின் குடும்பத்துக்குச் சொந்தம். அங்கே தொழிலாளர்கள் எழுப்பிய சிலெம்ப்வேயின் சபைகளை எரித்தவர் அதன் வெள்ளை மேலாளர். எரித்தவர்கள் பக்கமும் பைபிள் இருந்தது. 1915இல் கிளர்ச்சி வெடித்தது. மேலாளர் கொல்லப்பட்டார், சிலெம்ப்வேயும் சுட்டுக் கொல்லப்பட்டார், அவர் கட்டிய கோயிலைக் காலனி அரசு தகர்த்தது. 1926இல் அந்த மிஷனை மீண்டும் எழுப்பியவர் டேனியல் மலெகெபு. அவரும் மலாவிக்காரர்தான்; மருத்துவர்.

இனி நம் ஊருக்கு வருவோம். எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் நிற்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் பணம் திரட்டும் மிஷன் கமிட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கத்தார். இத்தனை வருடம் கொடுத்த பெரியப்பாவை ஒருநாளும் அதில் சேர்த்ததில்லை. மலாவிச் சிறுமியும் அவரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். படத்தில் இருப்பார்கள், கமிட்டியில் இருக்க மாட்டார்கள். தன் ஊரில் சுவரை விட்டுவைத்தவர், கடல் கடந்து சகோதரத்துவத்தை எப்படிக் கொண்டுபோவார்?

இதையெல்லாம் சொன்னபோது பெரியப்பா கேட்டார்: "அப்போ, நான் குடுக்கக் கூடாதுங்கியா?"

"குடுங்க பெரியப்பா. கேட்டுட்டுக் குடுங்க" என்றேன்.

பள்ளியை நடத்தும் குழுவில் மலாவிக்காரர்கள் எத்தனை பேர்? வரவு செலவுக் கணக்கு அந்த ஊர்ச் சபையின் முன் வாசிக்கப்படுகிறதா? உள்ளூர் ஆசிரியர்களுக்கு முழுச் சம்பளம் கிடைக்கிறதா? ஓய்வுக்குப் பிறகு ஊழியத்தைத் தாங்க நினைக்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. கொடுப்பவரையும் வாங்குபவரையும் சமமாக உட்காரவைக்கும் முதல் வேலை அது.

பெரியப்பா கடிதம் எழுதிவிட்டார். இந்த முறை பார்த்து எழுதக் கரும்பலகை இல்லை. பதில் வரும்வரை பணம் வங்கியில் இருக்கும். கடிதத்தின் நகல் ஒன்று, எங்கள் ஊர்ச் சுவரைப் பற்றிய ஒரு கேள்வியையும் சேர்த்து, எங்கள் மிஷன் கமிட்டிக்கும் போயிருக்கிறது.