அண்ணன் கொடுத்த மஞ்சள் கடிதமும் தங்கையின் பங்கும்

கடனில் மூழ்கிய ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனால், ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்’ என்று ஊர் சொல்லும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘ஐ.பி. போட்டுட்டார்’ என்பார்கள். இனி கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வர மாட்டார்கள், எல்லாம் முடிந்தது என்ற தொனி இரண்டிலும் உண்டு. கடனைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. வீட்டைப் பொறுத்தவரை விவகாரம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த வீடு கூடப்பிறந்தவர்களுக்கும் பொதுவானது என்றால், ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதவர்கள் தலையில் இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்தச் சுமை வந்து விழுகிறது.

நொடித்துப்போனவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும், கடனுக்குப் பிடிக்கக் கூடாதென்று சட்டம் விலக்கியவை தவிர, அவருடைய சொத்தெல்லாம் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. சென்னையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தின் சொத்தாட்சியரிடம் போகும். மற்ற மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி நீதிமன்றத்திடமோ அபிஷியல் ரிசீவரிடமோ சேரும். இதற்குப் பத்திரம் எழுத வேண்டியதில்லை, உத்தரவே போதும். 2024-ல் ‘தங்கலான்’, ‘கங்குவா’ படங்கள் வெளியான சமயத்தில் சொத்தாட்சியர் என்ற சொல் செய்திகளில் அடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டு, காலமாகியும்விட்ட ஒருவருக்குப் படத் தயாரிப்பாளர் தரவேண்டிய பாக்கியைக் கேட்டுத்தான் சொத்தாட்சியர் வழக்காடினார். ஆள் போன பிறகும் அவர் சொத்தின் மீதான பிடி தளர்வதில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது. உயில் எழுதாமல் போய்விட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நூல் வியாபாரத்தில் நொடித்த மூத்தவர் 1996-ல் மஞ்சள் கடிதம் கொடுக்கிறார். அவருடைய பங்கு ரிசீவரிடம் போகிறது. தம்பியும் தங்கையும் அன்றுமுதல் அண்ணனோடு அல்ல, ஒரு நீதிமன்ற அதிகாரியோடு அந்த வீட்டுக்குக் கூட்டு உரிமையாளர்கள். இது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. வழக்கமாக யார் எங்கே படுத்தார்களோ அங்கேயே படுக்கிறார்கள், வீட்டு வரி கட்டுகிறார்கள், ஓடு மாற்றுகிறார்கள்.

ரிசீவர் ஏலம் போட்டாலும் பிரிக்காத மூன்றில் ஒரு பங்கை வாங்க எளிதில் ஆள் வராது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்கிறது. பாகப் பிரிவினை வழக்குப் போடலாம். ஆனால் 1893-ஆம் ஆண்டின் பாகப் பிரிவினைச் சட்டப்படி, குடும்பத்தார் அந்தப் பங்கை மதிப்புப் போட்டுத் தாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்கலாம். வழக்கை விலைக்கு வாங்க யாருக்குத்தான் மனம் வரும்? கோப்பு அலமாரிக்குப் போகிறது.

இருபத்தைந்து ஆண்டு கழித்துத் தங்கை தன் மகளின் படிப்புக்காக வீட்டை விற்க நினைக்கிறார். அண்ணன் நல்ல மனத்தோடு தன் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறார். அது செல்லாது, எழுதிக் கொடுக்க அவரிடம் பங்கே இல்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். அதில் வருவது சார்பதிவாளரிடம் பதிவானவை மட்டுமே. நொடிப்பு அறிவிப்பு வெளியாவதோ அரசிதழில். அரசிதழைப் புரட்டிப் பார்த்து வீடு வாங்குகிறவர் யார்? முன்பணம் கைமாறிய பிறகு, வங்கியின் வழக்கறிஞரோ பழைய கடன் கொடுத்தவரின் மகனோ சொல்லித்தான் விஷயம் வெளியே வருகிறது. இத்தனை ஆண்டு நாங்கள்தானே அனுபவித்தோம் என்ற வாதமும் எளிதில் நிற்காது. கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபவம் எல்லோருடைய அனுபவமாகவே கொள்ளப்படும்.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. நொடித்துப்போனவர் அந்த நிலையிலிருந்து ‘விடுவிப்பு’ உத்தரவு வாங்காமல் இருக்கும்வரை அவருக்குப் புதிதாக வந்து சேரும் சொத்தும் உடனே ரிசீவரிடம் போய்விடும். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வேறொரு குடும்பத்தில், கடிதம் கொடுத்த நாளில் உயிரோடிருந்த அம்மா பத்தாண்டு கழித்து இறந்தால், அவர் நிலத்தில் மகனுக்கு வரும் பங்கும் போகும். மஞ்சள் கடிதத்தோடு எல்லாம் முடிந்ததென்று நம்பியவருக்கு விடுவிப்பு என்று ஒரு படி இருப்பதே தெரிவதில்லை. கெடுவுக்குள் அவர் மனுச் செய்யாவிட்டால் நொடிப்பு அறிவிப்பே ரத்தாகலாம். அப்போதும் சொத்து நேராக அவரிடம் திரும்பிவிடும் என்ற உறுதியில்லை; யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட முடியும்.

இங்கிலாந்திலும் இதே தொல்லை இருந்தது. திவாலானவரின் வீட்டுப் பங்கை வைத்துக்கொண்டிருந்த சொத்துப் பொறுப்பாளர்கள், வீட்டு விலை ஏறிய பிறகு பல ஆண்டு கழித்து வந்து கதவைத் தட்டினார்கள். பழைய கதையென்று மறந்துபோன மனைவிமார்கள் அதிர்ந்து நின்றார்கள். 2002-ல் இயற்றி 2004 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்குக் கெடு வைத்தது. திவாலானவரோ அவருடைய துணையோ குடியிருக்கும் வீட்டின் மீது பொறுப்பாளர் மூன்று ஆண்டுக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால், பங்கு தானாகவே திவாலானவரிடம் திரும்பிவிடும். அந்தச் சட்டம் மென்மையானதல்ல. முதல் ஓராண்டு கழிந்ததும், விதிவிலக்கான சூழல் இருந்தாலொழிய, கடன் கொடுத்தவர்கள் நலனே மேலோங்கும். வீடு விற்கப்படவும் செய்யும். ஆனால் விற்பதா விடுவதா என்பது மூன்று ஆண்டில் தெரிந்துவிடும்.

இந்தக் கெடு நமக்கும் வேண்டும் என்பதே என் வாதம். கடன் கொடுத்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பது நியாயம்தான். அவர்களில் கைமாற்றாகக் கொடுத்தவர்களும் சீட்டுப் பணத்தை இழந்தவர்களும் உண்டு. ஆனால் அலமாரியில் தூங்கும் கோப்பு அவர்களுக்கும் சோறு போடவில்லை. 1996-ல் வரவேண்டிய இருபதாயிரம் 2021-ல் வந்தால் அது அதே பணமா? மூன்று ஆண்டுக்குள் பங்கை அன்றைய மதிப்பில் கூட்டு உரிமையாளர்களிடம் முதலில் விலைபேச வேண்டும் என்று விதித்தால், கடன் கொடுத்தவர் கையில் உரிய காலத்தில் ஏதாவது சேரும். நொடிப்பு உத்தரவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பி வில்லங்கத்தில் ஏற்றுவதும், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் அறிவிப்பு அனுப்புவதும் சிறு வேலைகளே.

2016-ன் திவால் சட்டம் இந்தப் பழைய இரண்டு சட்டங்களையும் நீக்க வகைசெய்தது. ஆனால் தனிநபர் பகுதி 2019 டிசம்பர் 1 முதல் நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. நூல் வியாபாரிக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் 1909-ம் 1920-ம்தான்.

அந்தத் தங்கைக்கு இப்போதுள்ள வழி, 1996-ஆம் ஆண்டின் ஐ.பி. (நொடிப்பு மனு) எண்ணைத் தேடுவதில் தொடங்குகிறது. நீதிமன்ற ஆவண அறையில் உத்தரவின் நகல் எடுத்து, அறிவிப்பு பின்னர் ரத்தானதா, பங்கு யாருக்காவது விற்கப்பட்டதா, கடன்கள் தீர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். பங்கு இன்னும் ரிசீவரிடமே இருந்தால், அதைத் தாமே வாங்க நொடிப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம். ரத்தாகியிருந்தால், சொத்து யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டதா என்று பார்க்க வேண்டும். அறிவிப்பு இன்னும் நிலுவையில் இருந்தால் அண்ணனும் உடன் வர வேண்டியிருக்கும். விடுவிப்புக் கேட்டு மனுப்போட வேண்டியவர் அவர்தான்.