கையெழுத்து வாங்கி அனுப்புவதற்கு முன்

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மருத்துவமனைகளில் பணிபுரியும் எவருக்கும் பழகிப்போன காட்சி இது. எண்பதை நெருங்கும் பெரியவர். சிறுநீரகம் செயலிழந்து, இதயமும் தளர்ந்து, நினைவு தப்பிக் கிடக்கிறார். "இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று நாமேதான் சொல்கிறோம். சொன்ன கையோடு, 'மருத்துவர் அறிவுரைக்கு மாறாக அழைத்துச் செல்கிறேன்' என்ற தாளில் மகனிடம் கையெழுத்து வாங்குகிறோம். சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்டு முடித்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் ஓடிவந்தவர் அதைப் படிப்பதில்லை.

அந்தத் தாளில் இருப்பது உண்மையல்ல. அதைவிடக் கொடுமை, கையெழுத்தானதும் நம் கடமை முடிந்ததாக நாம் நினைத்துக்கொள்வது. மாத்திரை கிடையாது, அழைக்க ஒரு தொலைபேசி எண் கிடையாது. நள்ளிரவில் பெரியவருக்குத் தொண்டை கரகரத்து மூச்சு இழுக்கும்போது வீட்டார் பதறி 108-ஐ அழைக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகும் வழியில், முகம் தெரியாதவர்கள் நடுவே அவர் உயிர் போகிறது.

சட்டத்துக்குப் பயந்துதான் இந்தக் கையெழுத்து என்கிறோம். ஆனால் உயிர்காக்கும் கருவிகளை விலக்குவதற்கான வழிமுறையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்றே வகுத்து, 2023 ஜனவரி 24 அன்று எளிதாக்கியும் விட்டது. அதன்படி இரண்டு மருத்துவக் குழுக்கள் தேவை. சிகிச்சையளிக்கும் மருத்துவரோடு ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்கள் முதல் குழு. இரண்டாம் குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கருவியை விலக்குமுன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தர வேண்டும். 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின், வல்லுநர்கள் இல்லை என்று திருவள்ளூர் சொல்ல முடியாது. கர்நாடகம் 2025 ஜனவரியில் இதற்கெனச் சுற்றறிக்கையே வெளியிட்டது. நம் மாவட்டத்திலும் இரண்டாம் குழுவுக்கான மருத்துவர்களை முன்கூட்டியே நியமித்து வைக்கலாம். நோயாளி வென்டிலேட்டரில் கிடக்கும்போது தேட வேண்டியதில்லை.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்க எந்தக் குழுவும் தேவையில்லை. போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை மார்ஃபின் வைத்துக்கொள்வது முன்போல் கடினமில்லை. தளர்ந்த முதியவருக்கு 2.5 மில்லிகிராமில் தொடங்கலாம், கூடவே மலமிளக்கி. சிறுநீரகம் கெட்டவருக்கு மார்ஃபின் உடலில் தேங்கும். அங்கே இடைவெளியை நீட்ட வேண்டும், அல்லது ஃபென்டனிலுக்கு மாற வேண்டும். இதை அறியாத மருத்துவர் நம்மில் குறைவு. எழுதிக் கொடுக்கும் கைதான் தயங்குகிறது.

வீட்டில் யார் பார்ப்பது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நோய் ஆதரவுச் சேவையும் உண்டு. அதற்கான செவிலியர் வீட்டுக்கே வருவார். எலாவூரிலோ ஆரம்பாக்கத்திலோ ஒரு பெரியவர் இன்று வீடு திரும்புகிறார் என்று அந்தச் செவிலியருக்குச் சொல்வது யார்? டிஸ்சார்ஜ் எழுதும் நாம்தான் அந்த அழைப்பையும் செய்ய வேண்டும்.

மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இஎஸ்ஐ நோய்க்கால உதவித்தொகை தொழிலாளியின் சொந்த நோய்க்கு மட்டுமே. அப்பா சாகக் கிடக்கும் நாட்களுக்கு அது கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் அன்றைய கூலியும் போச்சு. "இன்னும் எத்தனை நாள் சார்?" என்று அவர் கேட்பதை இரக்கமின்மை என்று எண்ணிவிடக் கூடாது. மாதக் கணக்கா, நாள் கணக்கா, மணிக் கணக்கா என்று தெரிந்தவரை நேராகச் சொல்லிவிட்டால் எந்த ஷிப்டை விடுவது என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

ஆகவே அந்தப் பழைய தாளைக் கைவிடுவோம். 'குணப்படுத்தும் சிகிச்சை இனிப் பயன்தராது. குடும்பத்தோடு பேசி, வீட்டில் இறுதிக்காலப் பராமரிப்புக்கு அனுப்பப்படுகிறார்' என்று எழுதி, பேசிய மருத்துவர் கையொப்பமிடட்டும். மருந்து, அளவு, இரவில் அழைக்க வேண்டிய எண் மூன்றும் அதே தாளில் இருக்கட்டும். வீட்டில் இறந்தபின் மரணக் காரணச் சான்றுக்கு, அதாவது படிவம் 4ஏ-வுக்கு, எந்த மருத்துவரிடம் போவது என்பதையும் அதிலேயே குறித்துவிட வேண்டும். அது தெரியாமல்தான் பல குடும்பங்கள், உயிர் போன உடலை மறுபடி நம் கேஷுவால்டிக்குத் தூக்கி வருகின்றன.